தவறான விடைகள் மட்டும் என்னுடையவை

வாசிப்புத் தேர்வுக்குப் பாடநூல் பத்தியைக் கொடுத்தால் பாதிப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். கண் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். அதனால் புதுப் பத்தி வேண்டும். அதுவும் 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்பில் மூன்று நிலைக்கும் வேண்டும். சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ செயலிகளை நான் முதலில் நாடியது இதற்குத்தான். ஒரே கதையை மூன்று தரத்தில் கேட்டால் ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடும்.

ஆனால் "நான்காம் வகுப்புக்கு ஒரு கதை" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. நேர்மையான சிறுவன் ஒருவன் வருவான், கடைசியில் நீதியும் வரும். படிக்காமலே முடிவு தெரிந்துவிடும் கதையை வைத்து எதைச் சோதிப்பது? இப்போதெல்லாம் இடத்தையும் சம்பவத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்: வாரச்சந்தை, தரையில் தக்காளி பரப்பியிருக்கும் அப்பா, கறுத்து வரும் வானம், தார்ப்பாய் எடுக்க ஓடும் மகள், நீதி வேண்டாம். வந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பேன். "மகிழ்ச்சியால் நிரப்பப்பட்டாள்" போன்ற வாக்கியம் எங்காவது ஒளிந்திருக்கும். நாக்கு தடுக்கும் இடத்தையெல்லாம் மாற்றிவிடுவேன்.

நீளத்தைச் சொல் கணக்கில் கேட்டுப் பயனில்லை. 'மாடு' ஒரு சொல், 'வந்துகொண்டிருந்தவர்களிடம்' என்பதும் ஒரு சொல். பின்னதில் 15 எழுத்து. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்னும் ஆங்கில அளவுகோலை அப்படியே தமிழுக்குப் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. சரி, எழுத்தை எண்ணச் சொல்லலாமா என்றால், அதிலும் தடுமாறுகிறது. 'விளையாட்டு' நமக்கு 5 எழுத்து. கணினியின் யூனிகோடில் அது 10 துண்டு. அரும்பு நிலைப் பத்தியில் "ழ, ற வேண்டாம்" என்று சொன்னாலும் ஒன்றிரண்டு நுழைந்துவிடும். அச்சிடும் முன் வேர்டில் அந்த எழுத்துகளைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அதிக நேரம் பிடிப்பது கேள்விகள்தான். அந்தச் சந்தைக் கதைக்கு ஏஐ கேட்ட கேள்வி: "மகள் எதை எடுக்க ஓடினாள்?" விடைகள்: தார்ப்பாய், யானை, விமானம். கதையே படிக்காத பிள்ளையும் டிக் அடிக்கும். பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் நேரடித் தகவலைக் கண்டுபிடிப்பது, எளிதாக ஊகிப்பது, பொருள் இணைப்பது, மதிப்பிடுவது என்று நான்கு வகைக் கேள்விகள் உண்டு. "ஊகிக்கும் கேள்வி மட்டும் கொடு" என்று கேட்டதும் "ஏன் ஓடினாள்?" என்று வந்தது. தக்காளி நனையக் கூடாது என்பது கதையில் எங்கும் எழுதியிருக்காது. பிள்ளைதான் பிடிக்க வேண்டும்.

தவறான விடைகளை மட்டும் நானே எழுதுகிறேன். 'மழையில் விளையாட' என்று எழுதுகிற பிள்ளை 'மழை' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. 'தார்ப்பாய் பறந்துவிட்டது' என்கிற பிள்ளை வாக்கியத்தைப் படித்திருக்கிறது, ஆனால் முன்பின் சேர்க்கவில்லை. எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது விடைத்தாளிலேயே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட தவறான விடைகள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தோன்றும்.

தாள் தயாரானதும் பத்தியை மறைத்து, கேள்விகளை மட்டும் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் நீட்டுவேன். அவர் சரியாகச் சொல்லிவிடும் கேள்வி போயிற்று. சரியான விடையே எப்போதும் நீளமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏஐ-க்கு அந்தப் பழக்கம் உண்டு.

வாய்விட்டு வாசிப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்கிறேன். பிள்ளைகளின் பெயரையோ குரலையோ எந்தச் செயலியிலும் ஏற்றுவதில்லை. எதற்கு எவ்வளவு மதிப்பெண் போடலாம் என்று கேட்டபோது ழகரம் ளகரமாக ஒலித்தால் மதிப்பெண் குறைக்கச் சொன்னது ஏஐ. வீட்டில் எல்லோரும் 'பளம்' என்று சொல்லும் பிள்ளை, பழத்தைப் படித்துப் புரிந்துகொண்டால் எனக்குப் போதும். அந்த வரியை அடித்துவிட்டேன். உச்சரிப்புக்கு வேறு நாள் இருக்கிறது.

எல்லோரும் சரியாக எழுதிய கேள்வியை அடுத்த தாளில் எடுத்துவிடுவேன். யாருமே சரியாக எழுதாத கேள்வியை எடுப்பதில்லை. இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, "ஏன்டா இதை எழுதினே?" என்று கேட்பேன். அடுத்த தாளுக்கான தவறான விடைகள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கின்றன.