மறதியும் மூளைப் பயிற்சியும்: ஒரு நோட்டு போட்டுப் பார்ப்போம்



குழுவில் ஊக்குநர், பிரதிநிதிகளை மாற்ற வேண்டும் என்று பேச்சு எடுத்தாலே ஊருக்கு ஊர் ஒரே பதில்தான் வருகிறது. "எனக்கு வேணாம்மா. சொன்னது சொன்ன இடத்துலயே மறந்து போவுது. கணக்கு நோட்டெல்லாம் நம்மளால ஆவாது." இப்படிச் சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். பால் கணக்கு, ஆள் கூலி, யாருக்கு எவ்வளவு மொய் வைக்க வேண்டும், எந்த நகை எத்தனை ரூபாய்க்கு அடகில் இருக்கிறது என்று அத்தனையையும் வருடக்கணக்காக மனசிலேயே வைத்துக் குடும்பம் நடத்தும் அக்காக்கள்தான். அவர்களே தன்னை "மக்கு" என்று சொல்லிக்கொள்கிறார்கள். பொறுப்பு சுழற்சி முறையில் வர வேண்டிய இடத்தில் ஒரே ஆள் வருடக்கணக்காக நோட்டைச் சுமக்கிறார்.

இப்போது செல்போனில் வேறு மூளைப் பயிற்சி விளையாட்டுகள் வந்திருக்கின்றன. தினமும் கொஞ்ச நேரம் விளையாடினால் ஞாபக சக்தி கூடும் என்கிறது விளம்பரம். "இது நெஜமா மேடம்?" என்று பெண்ணாடம் பகுதிக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான். பணம் கட்டாமல் நாமே செய்து பார்க்கலாம். செய்தால் பலன் இருக்கிறதா இல்லையா என்பதையும் நாமே கண்டுபிடிக்கலாம்.

முந்தானை முடிச்சு

ஞாபகத்தில் பல வகை உண்டு. கல்யாண நாள், பிள்ளை பிறந்த நேரம், தாலாட்டு எல்லாம் பெட்டியில் பூட்டி வைத்த நகை மாதிரி. எத்தனை வருடம் ஆனாலும் இருக்கும். இன்னொன்று, முந்தானையில் முடிந்த சில்லறை மாதிரி. கடைக்காரர் சொன்ன விலையை மனசில் பிடித்துக்கொண்டே மீதியைக் கணக்குப் போடுகிறோமே, அது. இதை ஒர்க்கிங் மெமரி என்பார்கள். நாம் வேலை நினைவு என்று வைத்துக்கொள்வோம்.

முந்தானை முடிச்சில் கொஞ்சம்தான் கொள்ளும். 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர் ஒரே நேரத்தில் பிடித்து வைப்பது ஏறக்குறைய 7 விஷயம்தான் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் 4 தான் என்றும் குறைத்தார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் முடிச்சு சின்னதுதான். கூட்டத்தில் ஒருவர் சேமிப்பைச் சொல்ல, இன்னொருவர் கடன் தவணையைச் சொல்ல, நடுவில் குழந்தை அழுதால் எண் நழுவிப்போவது இதனால்தான். அது வியாதி இல்லை.

(அவதானக் கலையில் பெரியவர்கள் செய்தது வேறு. நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னையில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனித்துச் சதாவதானி என்று பெயர் வாங்கினார். அது ஆயுள் முழுக்கச் செய்த பயிற்சி. நமக்குக் குழுக் கணக்கு தடுமாறாமல் வந்தால் போதும்.)

மூன்று பயிற்சிகள்

இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள். வாரம் 5 நாள், ஒரு நாளைக்கு 15 நிமிடம், 4 வாரம்.

முதல் பயிற்சி, எண்களைத் திருப்பிச் சொல்வது. ஒருவர் "4, 7, 2" என்று நிதானமாக, ஒரு நொடிக்கு ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும். மற்றவர் "2, 7, 4" என்று கடைசியிலிருந்து சொல்ல வேண்டும். 3 எண்ணில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு வாய்ப்பு. ஒன்றாவது சரியாக வந்தால் ஒரு எண் கூட்டிக்கொள்ளலாம். இரண்டும் தப்பினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். கடைசியாகச் சரியாகச் சொன்னது எத்தனை எண்ணோ அதுதான் அன்றைய மார்க். பலருக்கும் 4, 5-லேயே நின்றுவிடும். பள்ளிப் படிப்பு குறைவாக இருந்தால் இந்த மார்க் குறைவாக வருவது வழக்கம்தான். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் நோட்டை உங்கள் நோட்டோடு மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, கை தட்டும் பயிற்சி. ஒருவர் காய்கறிப் பெயர்களை வரிசையாக 20 சொல்ல வேண்டும். கேட்பவர், இரண்டு பெயருக்கு முன்னால் சொன்ன அதே பெயர் திரும்ப வந்தால் கை தட்ட வேண்டும். "கத்தரி, வெண்டை, கத்தரி" என்றால் தட்டு. "கத்தரி, கத்தரி" என்று அடுத்தடுத்து வந்தால் தட்டக் கூடாது. கேட்க லேசாக இருக்கும், செய்து பார்த்தால் வியர்க்கும். தட்ட வேண்டிய இடத்தில் விட்டது எத்தனை, தட்டக் கூடாத இடத்தில் தட்டியது எத்தனை என்று இரண்டையும் எழுதுங்கள். செல்போன் விளையாட்டுகள் பலவற்றில் இருப்பதும் இதேதான். படம் மட்டும் அழகாக இருக்கும்.

மூன்றாவது நம் சொந்தப் பயிற்சி, மனக்கணக்கு. உள்கடன் 12,000 ரூபாய். மாதம் ஒரு வட்டி. முதல் மாத வட்டி 120. அசலில் 1,000 கட்டியாச்சு. நிலுவை 11,000, அடுத்த வட்டி 110. அப்புறம் 100, 90 என்று பேனா தொடாமல் பன்னிரண்டு மாதமும் சொல்லிக்கொண்டே வந்து, மொத்த வட்டியையும் கூட்டிச் சொல்ல வேண்டும். விடை 780. எத்தனையாவது மாதத்தில் தடுமாறினீர்கள் என்பதுதான் மார்க். இதில் வேறு லாபமும் இருக்கிறது. வெளியிலே கடன் கொடுக்கிறவர் "அதே ஒரு வட்டிதாம்மா" என்று சொல்லி, அசல் குறைந்தாலும் மாதா மாதம் 120 வாங்கினால் வருடத்துக்கு 1,440 ஆகிறது. 660 ரூபாய் கூடுதல். கையெழுத்துப் போடும் முன்னால் மனசுக்குள்ளேயே இது தெரிய வேண்டாமா?

நோட்டில் என்ன எழுதுவது

ஒரு 40 பக்க நோட்டு போதும். எழுத வராதவர்களுக்குக் கூட இருப்பவர் எழுதலாம், பிள்ளைகளும் எழுதலாம். தேதி, மூன்று பயிற்சியின் மார்க், முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம், அன்றைக்கு மனசில் என்ன ஓடியது. இந்தக் கடைசிக் கட்டத்தை விடாதீர்கள். "தவணை நாள்", "சின்னவனுக்குக் காய்ச்சல்", "வீட்ல சண்டை" என்று ஒரு வரி போதும். எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்யுங்கள். காலையில் செய்ததையும், கரும்பு வெட்டிவிட்டோ செராமிக் கம்பெனி வேலை முடிந்தோ வந்து அசந்துபோய்ச் செய்ததையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது. ஒரு நாள் மார்க்கைப் பார்த்துச் சந்தோஷமோ வருத்தமோ பட வேண்டாம். வாரக் கடைசியில் ஐந்து நாளையும் கூட்டி ஐந்தால் வகுத்து, அந்தச் சராசரியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தில் இரண்டு விஷயம். ஒன்று, முதல் நாளும் நாலு வாரம் முடிந்த கடைசி நாளும் மட்டும் செய்கிற சோதனை. ஊர்ப் பெயர்களைத் திருப்பிச் சொல்வது. "இறையூர், திட்டக்குடி, தொழுதூர்" என்று மூன்றில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போங்கள். நடுவில் இதைப் பழகக் கூடாது. இரண்டாவது, நிஜ வேலையில் நடப்பது. கூட்டத்தில் "எவ்வளவு சொன்னீங்க?" என்று எத்தனை தடவை திரும்பக் கேட்டோம், கடையில் எத்தனை தடவை கணக்கு பிசகியது என்று வாரம் ஒரு முறை எழுதுங்கள்.

மார்க் ஏறினால் ஞாபக சக்தி ஏறிவிட்டதா?

முதல் இரண்டு வாரம் எல்லாருக்கும் மார்க் ஏறும். அதில் பெரும்பகுதி, விளையாட்டு பழகிப்போனதால் வருவது.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரை வைத்து எண் பயிற்சி செய்தார்கள். ஆரம்பத்தில் எல்லாரையும் போல 7 எண்தான் சொன்னார். 20 மாதத்தில் 230 மணி நேரத்துக்கு மேல் பழகி 79 எண்களைக் கேட்ட வரிசையிலேயே ஒப்பித்தார். 1980-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. எப்படி முடிந்தது தெரியுமா? அவர் ஓட்டப் பந்தயக்காரர். எண்களை ஓட்ட நேரமாக மாற்றி மாற்றி மனசில் அடுக்கிக்கொண்டார். அதே மாணவரிடம் எண்ணுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னபோது, பழையபடி 6-க்கு வந்துவிட்டார்! முடிச்சு பெரிதாகவில்லை, எண்ணை மடிக்கிற வித்தை கைவந்தது.

செல்போன் விளையாட்டிலும் நடப்பது இதுதான். லூமோசிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், தன் விளையாட்டுகள் வேலையிலும் படிப்பிலும் திறமையைக் கூட்டும், வயதான மறதியைத் தள்ளிப்போடும் என்றெல்லாம் விளம்பரம் செய்தது. அதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2016-ல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. அதே ஆண்டில் உளவியலாளர்கள் சிலர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பழகிய பயிற்சியில் நன்றாகத் தேறுகிறார்கள், அதைப் போன்றவற்றில் ஓரளவு தேறுகிறார்கள், தினசரி வாழ்க்கையில் தேறியதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்று சொன்னார்கள்.

அதனால்தான் ஊர்ப் பெயர்ச் சோதனையையும் நிஜ வேலைக் கணக்கையும் எழுதச் சொல்கிறோம். எண்ணில் 4 ஆறாகி, ஊர்ப் பெயர் மூன்றிலேயே நின்றால், எண் பயிற்சி பழகியிருக்கிறது, அவ்வளவுதான். மனக்கணக்குப் பயிற்சியை மட்டும் விட வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். அதில் பழகிப்போவதே நமக்கு லாபம்.

கரும்புக் காசும் ஞாபகமும்

சரி, சில வாரம் மார்க் திடீரென்று இறங்கினால்? நம்மைப் போன்ற கரும்பு ஊர்களில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்லியாக வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஆய்வாளர்கள் புதிர்களும் கவனச் சோதனைகளும் கொடுத்தார்கள். 2013-ல் சயின்ஸ் என்ற இதழில் வந்தது. கரும்புக் காசு வருடத்துக்கு ஒரு தடவைதானே வரும்? அதனால் வெட்டுக்கு முன்னால் ஒரு தடவை, காசு வந்த பிறகு ஒரு தடவை என்று அதே ஆட்களையே சோதித்தார்கள். வெட்டுக்கு முன்னால் 100-க்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். காசு வந்த பிறகு 4 பேர்தான். புதிரில் முன்னால் சராசரியாக 4.35 சரியான விடை, பின்னால் 5.45. ஆள் அதே ஆள், மூளையும் அதே மூளை. பணமுடை இருந்தபோது முந்தானை முடிச்சில் பாதி இடத்தைக் கவலையே பிடித்துக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம்.

இரண்டாம் தடவை பழகிப்போனதால் கூட வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆய்வாளர்களும் அதை யோசித்து, முன்னால் சோதிக்காத 100 விவசாயிகளை வெட்டுக்குப் பிறகு முதல் தடவையாகச் சோதித்தார்கள். அவர்களுக்கும் அதே அளவு மார்க்தான் வந்தது. இந்த ஆய்வின் கணக்கு முறை பற்றி வேறு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் தவணை நாளுக்கு முந்தின ராத்திரி அடுப்பில் பால் பொங்குவது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

உங்கள் நோட்டிலும் இதைப் பார்க்கலாம். மார்க் இறங்கிய நாட்களுக்கு நேராக "மனசில் ஓடியது" கட்டத்தைப் படித்துப் பாருங்கள். தூக்கமில்லாத நாளும் தவணை நாளும் அங்கே வரிசையாக நின்றால், குறை மூளையில் இல்லை. அப்போது பயிற்சி நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. தவணைத் தேதியைக் கூலி வரும் நாளுக்கு ஒட்டி மாற்ற முடியுமா என்று குழுவில் பேசுங்கள். முக்கியக் கணக்கைத் தவணை வாரத்தில் ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்கட்டும். வாங்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக்கொள்வதில் வெட்கம் என்ன இருக்கிறது?

காரணமே தெரியாமல் பல வாரம் தொடர்ந்து இறங்கினால், அசதி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் கூட இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அளவு, சர்க்கரை, பிரஷர், தைராய்டு பற்றிக் கேளுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருந்தது. தெரிந்த வழியில் வழி தவறுவது, சொந்தக்காரர் பெயரே வராமல் போவது என்று இருந்தால் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

முதல் வாரத்துக்கான எண்களைக் கீழே தருகிறோம். பயிற்சி செய்பவர் முன்கூட்டிப் பார்க்காதபடி கூட இருப்பவர் வைத்துக்கொள்ளட்டும். நாலு வாரம் முடிந்து வரும் குழுக் கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

திங்கள்: 5-8-2, 6-9-4, 7-2-8-6, 3-9-1-5
செவ்வாய்: 9-1-6, 4-2-7, 8-5-3-1, 2-6-9-4
புதன்: 7-3-9, 1-8-5, 6-4-2-9, 5-1-7-3
வியாழன்: 2-9-5, 8-3-6, 1-7-4-8, 9-6-2-5
வெள்ளி: 6-1-4, 3-7-9, 4-8-2-7, 5-3-9-6
4 எண் சரியாக வந்தவர்களுக்கு, எந்த நாளும்: 8-1-5-9-3, 2-7-4-6-1