குடலின் குறிப்பறிந்து உண்போம்

அந்தமான் தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி மழைக்காலமே. குடிநீர் மாசுபட்டால் வயிற்றுக்கடுப்பு பரவும். 1983-இல் போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் நகரில், நிறுவப்பட்ட மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் இந்நோயை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமியை விரிவாக ஆராய்ந்துள்ளது. கிருமி அகன்ற பின்னும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வயிற்றுவலியும் ஒழுங்கற்ற மலப்போக்கும் தொடரக்கூடும். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் தோன்றும் வழிகளுள் இதுவும் ஒன்று.

இந்நோயில் பரிசோதனைகள் புண் எதையும் காட்டுவதில்லை. அதனால் இது கற்பனை ஆகிவிடாது. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு மிகைக் கூருணர்வு அடைந்திருப்பதே இதன் இயல்பு. மனக்கலக்கம் வலியைப் பெருக்குவதும் இதனால்தான்.

முதலில் ஓர் எச்சரிக்கை. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை, காய்ச்சல், உறக்கத்தை எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாய்த் தோன்றும் தொல்லை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் உணவுமுறையை மட்டும் நம்பியிராமல் மருத்துவரை அணுக வேண்டும். தாமாகவே கிருமிக்கொல்லி மருந்து வாங்கி உண்பது கூடாது.

உணவு

குடலில் எளிதில் புளித்து வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களைக் குறைக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்தனர். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள், பால், மாம்பழம் ஆகியன இப்பட்டியலில் அடங்கும். தீவுவாசிகளின் அன்றாட உணவான சோறும் மீனும் பெரும்பாலும் தீங்கற்றவை. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் மணம் மட்டும் எண்ணெயில் தங்கும். தொல்லை தரும் பொருள் எண்ணெயில் கரையாது.

இக்கட்டுப்பாடு இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கே உரியது. பின்னர் ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து, ஒவ்வாததை மட்டும் விலக்க வேண்டும். அச்சத்தால் எல்லாவற்றையும் துறப்பவர் நோயினும் பெரிய இழப்பாகிய ஊட்டக்குறைவை அடைவர்.

துணைப்பொருள்கள்

இசப்கோல் நார்ச்சத்து பலருக்கு நன்மை செய்கிறது. சிறிதளவில் தொடங்கி, போதிய நீருடன், படிப்படியாகக் கூட்டுதல் நலம். கோதுமைத் தவிடு சிலருக்கு வலியை மிகுவிக்கும். இனுலின் கலந்த நார்ப்பொடிகளும், சர்பிட்டால் சேர்ந்த சர்க்கரையற்ற மருந்துப் பாகுகளும் வாயுவைப் பெருக்கும். எனவே உறையிலுள்ள விவரத்தைப் படித்தே வாங்குக. மக்னீசியம் மலத்தை இளக்கும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் இறுக்கக்கூடும். நன்மை செய்யும் நுண்ணுயிர் மாத்திரைகளை உட்கொண்டு பன்னிரண்டு வாரங்களுக்குள் பயன் தெரியாவிடில் நிறுத்திவிடலாம்.

உண்டதையும் உற்றதையும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. பிறருக்கு ஒத்தது நமக்கும் ஒக்கும் என்பதில்லை. நேரம் தவறாமல், நிதானமாக மென்று, அமைதியான மனத்துடன் உண்பதும் சிகிச்சையின் ஓர் அங்கமே.