பாட்டியிடம் கேட்கவேண்டிய பாடம்

தூர தேசத்து அரச பரம்பரைகளை மனனஞ்செய்து ஒப்புவிக்கும் மாணவன், தன் பாட்டியின் குடிப்பெயர் யாதென வினவினால் விழிக்கின்றான். இக்குறையை நீக்கப் பெருநூல்கள் வேண்டியதில்லை. ஊர்ப்பெயரும் குடிவழக்குமே போதிய தொடக்கமாகும். கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள கரையையும், அதன் மேற்கே பரந்த வயல்நிலத்தையும் உதாரணமாகக் கொள்வோம்.

நிலத்தின் இயல்பு ஊர்ப்பெயரிற் படிந்திருக்கும். தம்பிலுவில், கோளாவில், பொத்துவில் என்பவற்றில் வரும் 'வில்' நீர் தேங்கும் தாழ்நிலத்தைக் குறிப்பது. அம்பாறை நகருக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே, இறக்காமத்தை அடுத்துள்ள வரிப்பத்தான்சேனை 'சேனை' என முடிகின்றது. காடு வெட்டி, எரித்து, மழையை நம்பிச் செய்யும் மேட்டுநிலப் பயிர்ச்செய்கையே சேனையாம். இப்பெயர் முன்னோர் உழைப்பிற்குச் சான்று.

இந்நிலத்திலே தமிழரும் முஸ்லிம்களும் நெடுங்காலம் அயலவராய் வாழ்ந்து வருகின்றனர். 1626ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டியரசன் செனரத் புகலிடம் அளித்தான் என்பதும், அவர்களுள் ஏறக்குறைய 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பதும் வரலாறு.

இவ்விரு சாராரையும் பிணைப்பது குடிமரபு. பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர். ஒரே குடிக்குள் மணஞ்செய்யார். ஆகவே, இஸ்லாமியச் சட்டம் விலக்காத மணமாயினும், தாயின் சகோதரி மக்களை மணத்தல் இங்கு முஸ்லிம்களிடையும் வழக்கமன்று. வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் மனைவியின் வீட்டிற் குடிபுகுவான். கோயிலிலே குடியின் சார்பில் வண்ணக்கர் நிற்பர். பள்ளிவாசலிலே மரைக்காயர் நிற்பர். சமயம் வேறு, அமைப்பு ஒன்று. போடியார், வட்டைவிதானை, களவெட்டி, பொலி என்னும் வயற்சொற்களும் இருவர்க்கும் பொதுவானவை.

மாற்றங்களோ விரைந்து வந்தன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீரையும் நிலத்தையும் குடியிருப்பையும் புதிதாக வகுத்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோள் கரையூர்களிற் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. 2009இல் முடிவுற்ற போரோ, ஒரே வரம்பில் நின்ற அயலவரை ஒருவரையொருவர் அஞ்சச் செய்தது. அவ்வச்சத்தினூடே வளர்ந்த தலைமுறை, வேற்றுமையை அறிந்த அளவு ஒற்றுமையை அறியவில்லை.

எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என்னும் ஏட்டை நூலாகப் பதிப்பித்தார். வீ. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' தந்தார். ஏட்டிலுள்ளது அவர்களாற் காக்கப்பட்டது. பாட்டிமார் நெஞ்சிலுள்ளது இன்னும் எழுதப்படாதிருக்கின்றது.

ஆதலின் மாணவர்க்கு ஒரு வேலை கூறுவோம். வீட்டு முதியவளிடம் மூன்று வினாக் கேளுங்கள். உங்கள் குடி எது? இந்த வீடு யார் கைமாறி உங்களுக்குச் சீதனமாய் வந்தது? உங்கள் குடும்பம் எந்த வட்டையிலே வேளாண்மை செய்தது? விடையை அவள் சொன்ன சொல்லாலேயே, கேட்ட நாளுடன் எழுதுங்கள். பின்னர் அயலிலுள்ள மற்றச் சமூகத்துத் தோழன் வீட்டிலும் அதே வினாக்களைக் கேளுங்கள். இரு கொப்பிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தப் பாடநூலும் கற்பியாத வரலாறு புலப்படும்.

பழைய மாணவராகிய நாமும் அக்கொப்பிகளைக் கல்லூரி நூலகத்திற் பேணுவோமாயின், அடுத்த விழாவிற்கு அதனினும் நல்ல காணிக்கை வேறில்லை. முதியோர் காத்திரார், இவ்விடுமுறையிலேயே தொடங்குக.