முதலில் மேகசினை மாற்றிப் பாருங்கள்

எஸ்.எல்.ஆர். ரைஃபிள் சுடும்போது நின்றுவிட்டால், ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரரைத் திட்டுவது பட்டாளத்து வழக்கம். "ஆயுதத்தை என்னய்யா பார்த்து வைத்திருக்கிறாய்?" என்ற கேள்விக்கு, ஆர்மரராக இருந்த நான் அப்போது அட்டென்ஷனில் நின்றேன். இப்போது பென்ஷன்காரன், பதில் சொல்லலாம்.

ராஜஸ்தானில் ஒரு சுடும் போட்டியில் எங்கள் பையன் ஒருவனுக்கு ரவுண்ட் ஏறவில்லை. டிரிகரை அழுத்தினால் 'டிக்' என்ற வெறும் சத்தம்தான். மேகசினில் ரவுண்ட் அப்படியே இருக்கிறது. அணிக்குப் பொறுப்பான சாப், "கேஸ் போதவில்லை" என்று தீர்ப்புச் சொல்லி கேஸ் ரெகுலேட்டரை இறுக்கினார். தொல்லை கூடியது. இன்னும் இறுக்கினார். என்னைக் கூப்பிடும்போது நேரம் முடிந்து, போட்டி கைவிட்டுப் போயிருந்தது.

பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்த வைத்தியம் அது. ரெகுலேட்டரை இறுக்கினால் பிஸ்டனுக்குக் கேஸ் கூடும், பிரீச் பிளாக் முன்னைவிட வேகமாகப் போய்த் திரும்பும். ஸ்பிரிங் சரியில்லாத மேகசின் அந்த வேகத்துக்கு அடுத்த ரவுண்டைத் தூக்கித் தராது. பிளாக் அதன் மேலேயே ஓடிவிடும். கேஸ் குறைந்தாலும் இதே மாதிரி ரவுண்ட் ஏறாமல் போகும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது காலித் தோட்டா சோம்பலாகப் பக்கத்திலேயே விழும், இல்லாவிட்டால் உள்ளேயே சிக்கும். எங்கள் பையனுடைய காலித் தோட்டாக்கள் நன்றாகத் தள்ளிப்போய்க் கிடந்தன. மணலில் கிடந்ததைக் குனிந்து பார்க்க சாப்புக்கு மனசில்லை. அதே மேகசினை வேறொரு நல்ல ரைஃபிளில் போட்டுக் காட்டினேன், அங்கேயும் 'டிக்'.

அந்த மேகசினைக் கழற்றினேன். சுத்தம் செய்த யாரோ ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ரவுண்டைத் தாங்கும் பிளாட்ஃபார்மின் முன்பக்கம் தலை கவிழ்ந்து நின்றது, ரவுண்டின் மூக்கும் கூடவே கீழே. போதாததற்கு உள்ளே எண்ணெய். அதில் மணல் அப்பியிருந்தது. மேகசினுக்குள் எண்ணெய் விடாதே, உலர்ந்த துணியால் துடை என்று தொண்டை வறளச் சொன்னது நான்தான். ரிப்போர்ட்டில் ஏறியதும் என் பெயர்தான்.

மாட்டும் முறை உங்களுக்குத் தெரியும். முன்முனையைக் கொக்கியில் கொடுத்து, பின்பக்கத்தைக் கேட்ச் விழும்வரை மேலே ஆட்டி ஏற்ற வேண்டும். சிலர் நேராகக் குத்தி, அடியில் உள்ளங்கையால் ஒரு அறை விடுகிறார்கள். அந்த அறையின் சத்தத்தைக் கேட்ச் விழுந்த சத்தம் என்று நம்புகிறார்கள். மாட்டியதும் மேகசினைப் பிடித்துக் கீழே ஒரு இழு இழுங்கள். கழன்று வந்தால் நல்ல காலம், சுடும்முன் தெரிந்தது. நிரம்ப 20 போட்ட மேகசின், பிளாக் மூடியிருக்கும்போது ஏற அடம்பிடிக்கும். 18 போடுங்கள். "முழுசாப் போடு" என்று வீரம் பேசிய உஸ்தாதுகளோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

மேகசின் கீழே விழுந்தால் வாயோரத்து உதடு நசுங்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது. நல்ல மேகசின் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இடுக்கியால் வளைக்காதீர்கள், ஒதுக்கி வையுங்கள். எதைத் தொடும் முன்னாலும் குழல் பட்ஸ் (இலக்கு மேடு) பக்கம், விரல் வெளியே, சேம்பர் காலி. இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றால் ரேஞ்சுக்கே வராதீர்கள்.

கோளாறு மேகசினோடு போகிறதா, ரைஃபிளோடு நிற்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஒவ்வொரு மேகசினுக்கும் பெயின்டில் எண் இருந்தால் இது ஒரு நிமிட வேலை. நான் கேட்டபோது பெயின்ட் தர மறுத்தார்கள். உங்கள் கோத்தில் (ஆயுதக் கிடங்கில்) எண் இல்லாத மேகசின் இருந்தால், அடுத்த ஃபயரிங்குக்குள் எழுதிவிடுங்கள். பெயின்டைச் சொந்தக் காசில் வாங்கினாலும் பரவாயில்லை.