அயல்மொழிக்கு டியூஷன் வைக்கப் போகிறீர்களா? பத்து பயனுள்ள குறிப்புகள்

சென்னையை அடுத்த பொத்தேரி வட்டாரத்தில் அயல்மொழிக்கு எப்போதும் தேவை உண்டு. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் பலருக்கு ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்க ஆசை. மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ., ஒரகடத்தில் ரெனோ நிசான், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் என்று வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜெர்மன், ஜப்பானியம், கொரியன் கைகொடுக்கும். தனி ஆசிரியரிடம் படித்தால் நம் வசதிக்கேற்பப் படிக்கலாம். செலவு கொஞ்சம் கூடுதல். கொடுக்கும் பணத்துக்கு முழுப் பலன் கிடைக்க இதோ சில வழிகள்:

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதி, முதல் நாளே ஆசிரியரிடம் கொடுங்கள். ஜெர்மனியில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா கேட்டால் பொதுவாக ஏ1 எனும் முதல் படி ஜெர்மன் சான்றிதழ் வேண்டும். அங்கே இருப்பவர் 'புளூ கார்டு' எனும் வேலை அனுமதி வைத்திருந்தால் விலக்கு உண்டு. நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் நான்காம் படியான பி2 வரை படிக்க வேண்டியிருக்கும். மாமல்லபுரத்தில் கற்சிற்பம் விற்பவருக்குச் சான்றிதழே வேண்டாம். விலை, எடை, பார்சல் பற்றிப் பேசத் தெரிந்தால் போதும்.

2. சான்றிதழ் தேவையென்றால் தேர்வைப் பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். ஜெர்மனுக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஜப்பானியத்துக்கு ஜே.எல்.பி.டி. தேர்வில் என்5 முதல் என்1 வரை ஐந்து படிகள். ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறன்று நடக்கும். இந்தத் தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது. ஜப்பானிய அதிகாரியுடன் பேசுவதுதான் உங்கள் நோக்கம் என்றால், பேச்சுப் பயிற்சியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

3. "ஒரே மாதத்தில் ஏ1" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஏ1 படிக்கு, முன் அனுபவத்தைப் பொறுத்து, 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை ஆகலாம் என்பது ஜெர்மன் கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் கணக்கு. 80 என்றே வைத்தாலும் 60 மணி நேரம். வாரம் இரண்டு மணி நேரம் படித்தால் 30 வாரம் ஆகிவிடும். விசா தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி இப்போதே தொடங்குங்கள்.

4. சேருவதற்கு முன் ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கவனியுங்கள். ஆசிரியரே முக்கால்வாசி நேரம் பேசினால் வேறு ஆளைப் பாருங்கள். அவர் எந்தப் படி வரை தேறியிருக்கிறார் என்று கேட்கத் தயங்க வேண்டாம். நீங்கள் படிப்பதைவிட இரண்டு படியாவது மேலே இருப்பது நல்லது. தொடக்கத்தில், தமிழ் தெரிந்த ஆசிரியராக இருந்தால் சந்தேகங்கள் சீக்கிரம் தீரும்.

5. வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதத்துக்கு அல்லது எட்டு வகுப்புக்கு என்று பேசிக்கொள்ளுங்கள். வகுப்பு ரத்தானால் என்ன செய்வது, புத்தகச் செலவு யாருடையது என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். ஒரே நிலையில் உள்ள இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து படித்தால் செலவும் குறையும், பேசிப் பழக ஆளும் கிடைக்கும்.

6. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்காருவதைவிட, வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் படிப்பது மனதில் நிற்கும். ஷிப்ட் மாறும் வேலையென்றால் அட்டவணையை ஆசிரியருக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கோத்தே நிறுவனத்தின் மாக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இரண்டும் நுங்கம்பாக்கத்தில் இருக்கின்றன. பொத்தேரியிலிருந்து வண்டி மாறாமல் மின்சார ரயிலிலேயே போய் வகுப்பு, தேர்வு பற்றி விசாரித்து வரலாம். புதுச் சொற்களைப் படிக்க அந்த ரயில் நேரமே போதும்.

7. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள். ஜப்பானியத்தில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள சொற்கள் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடும். ஒன்றில் வல்லொலி, மற்றதில் 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய க ஒலி. தமிழில் எழுதினால் இரண்டும் 'கின்' ஆகிவிடும். முதல் மாதத்திலேயே அந்த மொழியின் எழுத்தைக் கற்றுக்கொண்டு, ஆசிரியர் குரலைப் போனில் பதிவு செய்து கேளுங்கள்.

8. தமிழ் இலக்கணத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியம், கொரியன் இரண்டிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபுபோல ஒட்டுவதும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான். அதனால் ஆங்கிலத்தில் யோசித்து மாற்றாமல் தமிழிலிருந்து நேராகப் போங்கள். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு; சொல்லை மனப்பாடம் செய்யும்போதே அதையும் சேர்த்துப் படியுங்கள்.

9. தொழிலுக்காகப் படிப்பவர்கள் எண்களில் கூடுதல் கவனம் வையுங்கள். ஜப்பானியர்களும் கொரியர்களும் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள். அதன் பெயர் 'மான்'. நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மான், ஒரு கோடி ஆயிரம் மான். விலை பேசும்போது இதில் தவறினால் நஷ்டம். அலுவலக மெயில்களை வகுப்பில் பயிற்சியாக வைக்கலாம். ஆனால் விலை, வரைபடம், வாடிக்கையாளர் பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டே காட்டுங்கள். கம்பெனி கட்டணத்தைத் திருப்பித் தருமா என்று கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

10. தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எந்த ஊர் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். 1860 முதல் தமிழர்கள் குடியேறிய டர்பன் பக்கம் ஆங்கிலமே போதும். மேற்கு கேப், வடக்கு கேப் மாகாணங்களில் ஆப்பிரிக்கான்ஸ் தெரிந்தால் நல்ல மரியாதை. டச்சு மொழியிலிருந்து கிளைத்த அது, 1925-ல் ஆட்சிமொழியானது. பெயர்ச்சொல்லுக்குப் பால் இல்லை, ஆளுக்கேற்ப வினைச்சொல் மாறாது என்பதால் தொடக்கம் சுலபம். இங்கே ஆசிரியர் கிடைப்பது கடினம். ஆன்லைனில் அந்த நாட்டு ஆசிரியரையே தேடுங்கள். அங்கே மாலை 5 மணி என்றால் நமக்கு இரவு 8.30, வேலை முடிந்து படிக்க ஏற்ற நேரம்.

எந்த மொழியானாலும் எழுத்து, சொல், இலக்கணப் பயிற்சியை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஆசிரியருக்குப் பணம் கொடுத்து வாங்கும் நேரம் முழுவதும் நீங்கள் பேசுவதற்கும், அவர் திருத்துவதற்கும் மட்டுமே இருக்கட்டும்.