62 நாள்கள்: பிரித்தானியப் புற்றுநோய் மருத்துவத்தில் காத்திருப்பின் கணக்கு

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் மட்டுமன்றிக் காலத்தையும் கருதியே மருத்துவம் செய்தல் வேண்டும் என்று 949ஆம் குறளில் வள்ளுவர் உரைக்கிறார். வகுப்பில் இக்குறளை நடத்தும்போதெல்லாம், காலம் என்பதற்குப் பருவகாலம் என்று பொருள் கூறிக் கடந்து செல்வது என் வழக்கமாக இருந்தது. என் தாயாரின் நோய்க்குப் பின்னரே அச்சொல்லின்கண் நிற்கத் தொடங்கினேன்.

2011ஆம் ஆண்டு அவர்களுக்கு மார்பகத்தில் கட்டி இருப்பது தெரியவந்தது. முதன்முதல் மருத்துவரிடம் காட்டிய நாளிலிருந்து மருத்துவம் தொடங்கிய நாள் வரை, கையிலிருந்த சீட்டுகளை வரிசையாக அடுக்கி எண்ணிப் பார்த்தேன். 94 நாள்கள். திசுச் சோதனையின் முடிவுக்காக மட்டும் 26 நாள்கள். அங்குப் பணியாற்றிய மருத்துவரும் செவிலியரும் ஓய்வின்றி உழைத்ததை நான் கண்டேன். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் அந்த 94 என்னும் எண் என் குறிப்பேட்டில் அன்றி வேறெங்கும் பதிவாகவில்லை. நோயாளி காத்திருக்கும் நாளை எண்ணி ஊரறியச் சொல்லும் அரசு எதுவும் உண்டோ எனத் தேடியபோதுதான் பிரித்தானியாவின் கணக்கு கிடைத்தது. அக்கணக்கைக் கற்பதும், அதனை எவ்வாறு படிக்க வேண்டும் என ஆராய்வதுமே இக்கட்டுரை.

பிரித்தானியாவின் தேசிய சுகாதாரப் பணி 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது. செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி மருத்துவமனையில் எவரும் கட்டணமின்றி மருத்துவம் பெறலாம் என்பது அதன் அடிப்படை. ஆனால் 1990களில் ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு நடந்த ஆய்வுகள், புற்றுநோய்க்குப் பின் உயிர்வாழ்வோர் விகிதத்தில் பிரித்தானியா பல நாடுகளுக்குப் பின்தங்கியிருப்பதைக் காட்டின. நோயாளி எந்த ஊரில் வாழ்ந்தாலும் ஒரே தரமான மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று 1995இல் வெளிவந்த கால்மன்–ஹைன் அறிக்கை வற்புறுத்தியது. அதன் வழியில் 2000ஆம் ஆண்டு இங்கிலாந்து வகுத்த புற்றுநோய்த் திட்டத்தில் காத்திருப்புக்கு நாள் வரையறை இடம்பெற்றது. குடும்ப மருத்துவர் ஐயுற்று அவசரமாக அனுப்பும் நோயாளிக்கு 62 நாள்களுக்குள், அதாவது இரண்டு மாதங்களுக்குள், முதல் மருத்துவம் தொடங்க வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது.

மக்களாட்சி அரசொன்று தன் தவற்றைத் தானே அளந்து வெளியிடுவது எளிய செயலன்று. இதனை முதலில் மதித்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

இனி எண்களைக் காண்போம். பிரித்தானியாவின் நான்கு பகுதிகளிலும் சுகாதாரத் துறை தனித்தனியே நிருவகிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் இலக்கு 100 நோயாளிகளில் 85 பேருக்கேனும் 62 நாள்களுக்குள் மருத்துவம் தொடங்குதல். இவ்விலக்கு இறுதியாக எட்டப்பட்டது 2015 டிசம்பரில். 2023இல் ஏறத்தாழ 64 பேருக்கே அவ்வாறு வாய்த்தது. ஸ்காட்லாந்தின் இலக்கு 95 விழுக்காடு. அது 2012க்குப் பின் எட்டப்படவில்லை. வட அயர்லாந்தின் இலக்கும் 95 விழுக்காடே. 2009இல் நடைமுறைக்கு வந்த நாள்முதல் அங்கு அது ஒருமுறையேனும் எட்டப்பட்டதில்லை. 2024இல் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே 62 நாள்களுக்குள் மருத்துவம் தொடங்கிற்று. வேல்ஸின் இலக்கு 75 விழுக்காடு. 2024ஆம் ஆண்டு முடியும்வரை அங்கும் அதனை எட்டவில்லை.

இவ்வரிசையைக் கண்டவுடன் வேல்ஸ் தன் இலக்கைத் தாழ்த்திக்கொண்டது என்று எண்ணத் தோன்றும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். உண்மை வேறு. கடிகாரம் எந்த நொடியில் ஓடத் தொடங்குகிறது என்பதே இங்குள்ள நுட்பம். இங்கிலாந்தில் மருத்துவரின் பரிந்துரை மருத்துவமனைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவர். வேல்ஸில், புற்றுநோயாக இருக்கலாம் என ஒரு மருத்துவர் முதன்முதல் ஐயுற்ற நாளிலிருந்தே எண்ணுவர். மேலும், வேறொரு நோய்க்காக எடுத்த படத்தில் தற்செயலாகக் கட்டி தென்பட்டவர், மூச்சுத் திணறி நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வந்தவர் என எவ்வழியில் வந்தாரையும் ஒரே கணக்கில் சேர்ப்பர். இங்கிலாந்தில் புற்றுநோயாளிகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு அவசரப் பிரிவின் வழியாகவே நோய் வெளிப்படுகிறது. பரிந்துரைக் கடிதத்தில் தொடங்கும் கடிகாரத்திற்கு இவர்கள் கண்ணில் படுவதில்லை. பழைய முறையில் அவசரப் பரிந்துரைக்கு 95 விழுக்காடு என இலக்கு வைத்திருந்த வேல்ஸ், கணக்கை விரிவாக்கியபோது 75 எனக் கொண்டது. கூடுதலாக எண்ணத் துணிந்த பகுதி, தாளின்மேல் பின்தங்கித் தோன்றுகிறது. ஒரே 62 நான்கு பகுதிகளில் நான்கு பொருள் தரும்; ஒரு சொல் இடம்நோக்கிப் பொருள் மாறுவதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று.

நோயின் வகையும் எண்ணை மாற்றும். தோல் புற்றுநோயைக் கண்டறிவதும் அகற்றுவதும் விரைவில் முடியும். குடல், சிறுநீரகப் பாதை, கருப்பை தொடர்பான புற்றுநோய்களுக்குப் பல கட்டச் சோதனைகள் வேண்டும். எனவே தோல் நோயாளர் மிகுந்த மாவட்டத்தின் சராசரி அழகாக அமைந்துவிடும். அங்குள்ள குடல் நோயாளிக்கு அச்சராசரியால் பயனில்லை.

நிலவியலின் பங்கை ஒதுக்க இயலாது. வேல்ஸின் நடுப்பகுதியான போயிஸ் மலைநாட்டில் பெரிய பொது மருத்துவமனை இல்லை; நோயாளிகள் எல்லை கடந்து இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரிக்கும் ஹெரிஃபோர்டுக்கும் செல்கின்றனர். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து, ஆர்க்னி தீவினர் கதிர்வீச்சு மருத்துவத்திற்குக் கடல் கடந்து அபர்டீன் வர வேண்டும். வட அயர்லாந்தில் 2016இல் டெரி நகரின் ஆல்ட்னகெல்வினில் புதிய மையம் திறக்கப்படும்வரை கதிர்வீச்சு மருத்துவம் பெல்ஃபாஸ்டில் மட்டுமே கிடைத்தது. இன்று எல்லைக்கு அப்பால் அயர்லாந்துக் குடியரசின் டோனகல் மக்களும் டெரிக்கு வருகின்றனர். படம் எடுக்கும் ஸ்கேன் கருவிகள் மக்கள்தொகைக்கேற்ப இல்லாமை, படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவரும் திசுவை ஆராயும் மருத்துவரும் போதாமை ஆகியன எல்லாப் பகுதிகளுக்கும் பொது. 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்று இக்குறைகளைப் பெருக்கியது, தோற்றுவிக்கவில்லை. இலக்குகள் அதற்கு முன்பே தவறியிருந்தன என்பது மேற்காட்டிய ஆண்டுகளாலேயே விளங்கும்.

சில வாரங்கள் தாமதமானால் என்ன என்று கேட்போர் உளர். 2020இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, முன்னர் நடந்த 34 ஆய்வுகளைத் தொகுத்து, 12 இலட்சத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்தது. அறுவை மருத்துவம் நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இறப்பின் வாய்ப்பு 6 முதல் 8 விழுக்காடு வரை உயர்கிறது என்பது அதன் முடிவு. கதிர்வீச்சிலும் மருந்து மருத்துவத்திலும் சிலவற்றில் இவ்வுயர்வு இன்னும் மிகுதி.

இக்கணக்கு முறையின் பெருங்குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 61ஆம் நாளில் இருக்கும் நோயாளிக்காக மருத்துவமனை முழுவதும் ஓடும். 63ஆம் நாள் வந்துவிட்டால் இலக்கைப் பொறுத்தவரை அவர் தோற்றுப்போன கணக்கு. அவருக்கு 70ஆம் நாளில் மருத்துவம் தொடங்கினாலும் 130ஆம் நாளில் தொடங்கினாலும் விழுக்காடு மாறாது. ஆகவே விழுக்காட்டை மட்டும் வெளியிடாமல், நீண்ட நாள் காத்திருந்தோர் எத்தனை பேர், எத்தனை நாள் என்பதையும் உடன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் துணிபு. 2023 அக்டோபரில் இங்கிலாந்து தன் பல வரையறைகளை மூன்றாகச் சுருக்கி, 28 நாள்களுக்குள் நோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்பதை முன்னிறுத்தியது வரவேற்கத்தக்கது. ஐயத்தோடு வருவோருள் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் இல்லை என்றே முடிவு வரும். அச்செய்திக்காக அவர்கள் உறங்காத இரவுகளும் காத்திருப்பே.

நிற்க. ஐயுற்ற நாளிலிருந்து எண்ணும் வேல்ஸின் கடிகாரமும் ஒரு மருத்துவரின் ஐயத்திலிருந்தே தொடங்குகிறது. நோயாளியின் சொந்த ஐயத்தை அது அறியாது. என் தாயார் 2013இல் வஃபாத்தானார்கள். அதன் பின்னர் ஒருநாள் என் தங்கை சொன்னாள்: கட்டியைத் தாம் முதன்முதல் தொட்டுணர்ந்தது அவளுடைய நிக்காஹுக்கு நாள் குறித்த வாரத்தில் என்று உம்மா அவளிடம் கூறியிருந்தார்களாம். கல்யாண வீட்டில் இதைச் சொல்லலாமா என்று ஐந்து மாதம் வாய் திறவாமல் இருந்திருக்கிறார்கள். என் குறிப்பேட்டில் உள்ள 94க்கு மேலே அந்த ஐந்து மாதங்களை எழுத இடம் விட்டிருந்தேன். தேதி தெரியாததால் அவ்விடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.