நம் வீட்டிலும் ஒரு நந்தவனம்!

நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள திருப்புகலூரில் வாழ்ந்தவர் முருக நாயனார். அறுபத்துமூவரில் ஒருவரான இவர் செய்த தொண்டு மிக எளிமையானது. விடியும் முன் நீராடி, மலர் கொய்து, மாலை தொடுத்துச் சிவபெருமானுக்குச் சாற்றுவதே அது. அவர் பறித்த மலர்களைச் சேக்கிழார் பெருமான் நால்வகையாகச் சொல்கிறார். மரத்தில் பூப்பது கோட்டுப்பூ. செடியில் பூப்பது நிலப்பூ. மற்றவை கொடிப்பூ, நீர்ப்பூ.

வீட்டில் பூச்செடி வைக்க நினைக்கும் பெண்களுக்கு இந்த நான்கே நல்ல வழிகாட்டி. வகைக்கு ஒன்று இருந்தால், எந்தப் பருவத்திலும் சுவாமிக்கு நம் வீட்டுப் பூ கிடைக்கும்.

கோட்டுப்பூ

செடி சரியில்லை என்றால் மாற்றிவிடலாம். மரம் அப்படியல்ல, பல வருடங்கள் நம்மோடு இருக்கப் போவது. அதனால் அழகை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, எங்கள் வாசலில் நிழலுக்காக வைத்திருந்த குல்மோஹர் மரம் சுற்றுச்சுவரோடு சாய்ந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம் அது. கொல்லையில் என் மாமியார் நட்ட பவழமல்லியோ இரண்டு கிளை ஒடிந்ததோடு தப்பியது. அடுத்த ஆவணியிலேயே பூத்துக் குலுங்கியது!

நம் மண்ணுக்குரிய மரங்களைக் கோயில்களில் தலமரமாகவே தரிசிக்கிறோம். மயிலாப்பூர் கபாலீஸ்வரருக்குப் புன்னை, திருவண்ணாமலையில் மகிழம், சீர்காழியில் பவழமல்லி. புன்னையும் மகிழமும் பெரிதாக வளரும். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி நட வேண்டும். சிறிய கொல்லைக்குப் பவழமல்லியே போதும். ஆவணி முதல் மார்கழி வரை பூக்கும். இடமும் வெயிலும் இருந்தால் சரக்கொன்றை வைக்கலாம். சித்திரையில் பொன்னாகப் பூத்து நிற்கும்.

நிலப்பூ

செம்பருத்தி, நந்தியாவட்டை இரண்டும் வருடம் முழுவதும் கைகொடுக்கும். ஐப்பசி முதல் தை வரை சாமந்தி, மார்கழிக் குளிரில் டிசம்பர் பூ. தொட்டியிலும் நன்றாக வரும் என்பதால் அடுக்குமாடிவாசிகளுக்கு ஏற்றவை. அரளி வைப்பவர்கள் கவனமாக இருங்கள். அதன் இலை, பூ, வேர் எல்லாமே விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பறித்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

கொடிப்பூ

“மல்லிகை தழைக்கிறது, பூக்கவே இல்லை” என்று பலர் குறைப்படுவதுண்டு. காரணம் பெரும்பாலும் இரண்டு: வெயில் போதாது, கவாத்து செய்வதில்லை. கார்த்திகையில் கிளைகளை வெட்டிவிட்டு எரு வையுங்கள். மாசி, பங்குனியில் மொட்டு கட்டத் தொடங்கும். பால்கனிக் கம்பியில் படரவிட சங்குப்பூ நல்லது. நீலமும் வெள்ளையும் கிடைக்கும்.

நீர்ப்பூ

குளம் வேண்டாம், அகலமான சிமெண்ட் தொட்டி போதும். அடியில் களிமண் இட்டு, அல்லி அல்லது தாமரைக் கிழங்கு நடலாம். தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படவேண்டும். நாலைந்து கப்பி மீன்களை விட்டால் கொசுப்புழுக்களைத் தின்றுவிடும்.

பறிக்கும் முறை

நீராடிய பின், விடியற்காலையில் பறிப்பது உத்தமம். வாடியது, முகர்ந்தது, பூச்சி அரித்தது, தரையில் உதிர்ந்தது ஆகியவை பூஜைக்கு ஆகாது என்பது பெரியோர் வாக்கு. பவழமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும் பூ அது. மாலையிலேயே மரத்தடியில் சுத்தமான துணியை விரித்து வைத்தால், மண் படாமல் எடுத்துக்கொள்ளலாம்.

செடியிலுள்ள பூவை எல்லாம் பறித்துவிடாதீர்கள். தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் கொஞ்சம் விடுங்கள். அதுவும் இறைவனுக்குச் செய்த அர்ச்சனைதான்.

மரக்கன்று நட ஆடி முதல் ஐப்பசி வரை ஏற்ற காலம். மழைநீரே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இந்த வருடம் ஒரே ஒரு கன்று நடுங்கள். முதல் பூ மலர்ந்ததும் அதைச் சுவாமி படத்துக்குச் சாற்றிப் பாருங்கள். நம் கையால் நீரூற்றி வளர்த்த பூ தரும் நிறைவு, கடையில் முழம் போட்டு வாங்கும் பூவில் வராது!